எந்த எண்ணெய் நல்லதுங்க?

எங்கள் காம்பவுண்டில் அவருக்குப் பெயர் டயட்டம்மா. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும்தான் பயன்பட்டது. கணபதியில் வொர்க்‌ஷாப்புகளுக்கு நடுவில் ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் ஒரு காம்பவுண்டு, உள்ளே ஒட்டி ஒட்டி ஐந்தாறு வீடுகள். முன்வீடு அவருடையது. பின்வீடு என்னுடையது, அதாவது மாதம் பிறந்ததும் வாடகை கொடுக்கிற வரைக்கும் என்னுடையது. அவருடைய வீட்டுக்காரர் மதுக்கரையில் ஷிப்ட் வேலைக்குப் போய்வருபவர். தட்டில் எதை வைத்தாலும் சாப்பிடுவார், வைக்காவிட்டாலும் கேட்க மாட்டார். டயட்டம்மாவுக்கு வாழ்க்கையில் சுலபமாக அமைந்தது அந்த ஒரு மனிதர்தான்.

அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று சொல்லுகிற வேலை அவருக்கு. ஊசி குத்துகிற நர்ஸம்மாவைக்கூட வீட்டுக்குப் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பஜ்ஜியைப் பிடுங்குகிறவளை யார் கும்பிடுவார்கள்?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நெஞ்சு மட்டும்தான் இருந்தது. நெஞ்சு கரிக்கும், அடைக்கும், சில சமயம் நின்றுபோகும். அப்போதுதான் ஹார்ட் என்று ஒன்று எல்லோருக்கும் புதிதாக வந்தது. டி.வி.யைத் திறந்தால் சூரியகாந்திப் பூவுக்கு நடுவில் ஒரு குடும்பம் பூரி தின்றுகொண்டு ஓடியது. எண்ணெய் டின்னில் சிவப்பாக ஹார்ட் படம் போட்டு வந்தது. பத்திரிகை ஒரு வாரம் நல்லெண்ணெயைத் தூக்கும், அடுத்த வாரம் அதையே கீழே போடும். அதனால் டயட்டம்மாவை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். தண்ணீர்க் குழாயடி, டவுன் பஸ், பிள்ளையார் கோயில் பிரகாரம், எங்கும் இதே.

"ஏனுங் மேடம், எந்த எண்ணெய் நல்லதுங்க?"

அவர் திரும்பிப் பார்த்து, "எவ்வளவு ஊத்துவீங்க?" என்பார்.

அவ்வளவுதான் அவர். அந்த மனுஷியைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லாவிட்டாலும் இது போதும். எது என்று கேட்டால் எவ்வளவு என்று கேட்பார். கேட்டவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். சாமியிடம் வரம் கேட்கப்போனால் சாமி நம் வீட்டு வரவுசெலவைக் கேட்ட மாதிரி.

நானும் ஒருமுறை அவர் ஆஸ்பத்திரி அறையில் போய் உட்கார்ந்தேன். வெட்கிரைண்டர் செய்கிற வொர்க்‌ஷாப்பில் நான் சூப்பர்வைசர். கிரைண்டர் கல்லுக்கும் என் வயிற்றுக்கும் சுற்றளவில் பெரிய வித்தியாசம் கிடையாது என்று பையன்கள் பின்னால் பேசிக்கொள்வார்கள். முன்னால் நானே சொல்லிக்கொள்வேன். இன்சூரன்ஸுக்காக ரத்தம் கொடுத்தேன், கொலஸ்ட்ரால் என்று சீட்டில் எழுதி அவரிடம் அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்ததும் முதலில் வயிறு உள்ளே போனது, கொஞ்சம் கழித்து நான் போனேன்.

"உங்க ஊட்டுல எத்தனை பேருங்க?" என்றார், என்னை முன்னேபின்னே பார்த்திராதவர் போல.

"நானும் ஊட்டுக்காரியுந்தானுங்க."

"மாசம் எவ்வளவு எண்ணெய் வாங்குவீங்க?"

"ரெண்டு லிட்டர் ஆகுமுங்க. அதுவும் எச்சுதான்."

"முந்தாநேத்து மளிகைக் கடையில அஞ்சு லிட்டர் கேன் தூக்கீட்டுப் போனீங்களே. நான் பின்னாடிதான் நின்னேன்."

மாட்டிக்கொண்டவனுக்கு மூளை வேகமாக ஓடும். எனக்கு ஓடியது, ஆனால் தப்பான சந்தில். "அது தலைக்குத் தேய்ச்சுக்கங்க" என்றேன்.

"சூரியகாந்தி எண்ணெயையா?"

அவர் சிரிக்கவில்லை. என் தலையைப் பார்த்தார். எண்ணெய் தேய்ப்பதற்கான காரணம் எதுவும் அங்கே அப்போதே மிச்சமில்லை.

அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னது இன்னும் மனப்பாடம். ஏனென்றால் வருகிற ஒவ்வொருவரிடமும் அதே வரிசையில்தான் சொல்வார். மேசைமேல் சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் எண்ணெய் வகைகள் நிற்கும். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். "சூரியகாந்தி ரத்தத்துக் கொழுப்பைக் கொஞ்சம் கொறைக்கும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ரெண்டும் எல்லாம் கலந்தாப்புல இருக்குது, ஒண்ணும் மோசமில்லை. ரேஷன் பாமாயில்ல உறையற கொழுப்பு பாதிக்குப் பாதி. தேங்கா எண்ணெய்லயும் நெய்யிலயும் அது இன்னும் ஜாஸ்தி, அதனால கையைச் சுருக்கிக்கோணும். வனஸ்பதி வேண்டவே வேண்டாம். ஆனா கேட்டுக்கங்க, எதுவா இருந்தாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான். செக்குல ஆட்டுனதும் அதேதான், டின்னுல வந்ததும் அதேதான், உங்க மாமியார் உருக்குன நெய்யும் அதேதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு சின்ன ஸ்பூன். தாளிக்கிறது, தோசைக்கு ஊத்தறது, எல்லாம் அதுக்குள்ளதான்."

ஜனங்களுக்கு முதல் வாக்கியம் முடிந்ததுமே காது மூடிக்கொள்ளும். சூரியகாந்தி என்றாரா, சரி, எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். டின்னில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதைச் சொல்லி யாராவது வாதம் பண்ணினால், "எந்தச் செடியில இருந்து வர்ற எண்ணெயிலயும் கொலஸ்ட்ரால் கிடையாதுங்க. வாழைப்பழத்துல எலும்பில்லைன்னு எழுதி வித்தா வாங்குவீங்களா?" என்பார். ஒரு பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வெலை ஒண்ணா இருந்தா வாங்கலாமுங்க" என்றாராம்.

மார்கழி மாதத்துக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்து வெள்ளையாக நிற்கும். அதைக் காட்டி, உறைகிற கொழுப்பு என்றால் என்ன என்று விளக்குவார். ஒருநாள் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கண்ணை அகலத் திறந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புரிஞ்சு போச்சுங் மேடம். அப்ப மழையும் குளிரும் இருக்கறப்ப நிறுத்திக்கறேன். சித்திரை வெயில்ல ஊத்திக்கலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் டயட்டம்மா காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது தோளிலிருந்த பை தரையில் உரசியது. யாரோ அடித்துப்போட்ட மாதிரி நடந்து வந்தார்.

காம்பவுண்டுப் பெண்களுக்கு அவர் என்றால் பயம். அவர் எதையும் சொல்ல மாட்டார், அதுதான் பயமே. ஐந்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். அதற்குள் எண்ணெய்ச்சட்டியை இறக்கிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வீடு ஓட்டமாக இருக்கும். என்றைக்காவது தாமதமாகி, வடை எண்ணெயில் குதிக்கும் நேரத்தில் கேட் சத்தம் கேட்டால், என் வீட்டுக்காரி சட்டிமேல் தட்டைப் போட்டு மூடுவாள். மூடினால் வாசனை நிற்குமா? டயட்டம்மா நடக்கிற நடையில் லேசாக நின்று, எங்கள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, மறுபடி நடப்பார். அவ்வளவுதான். அந்த வடையைத் தின்றால் குற்றவாளிக் கூண்டில் நின்று தின்கிற மாதிரி இருக்கும். இருந்தாலும் தின்போம்.

அவர் வீட்டில் எந்த எண்ணெய் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க என் வீட்டுக்காரி பாடாய்ப் பட்டாள். கடைசியில் தீப்பெட்டி கேட்கிற சாக்கில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சாதாரணக் கடலை எண்ணெய். "ஏனுங், இதுதான் நல்லதுங்களா?" என்று உளவாளிக் குரலில் கேட்டிருக்கிறாள். "கடையில இதுதான் முன்னாடி இருந்துச்சுங்க" என்று பதில் வந்திருக்கிறது. தாளிக்கும்போது ஸ்பூனைச் சட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு விழும்வரை பொறுமையாக நிற்பாராம். "பாக்கறப்பவே எனக்குப் பசி அத்துப்போச்சு" என்றாள்.

இப்படிப்பட்டவருக்கு ஓர் அண்ணன். கருமத்தம்பட்டியில் பத்திருபது தறி ஓடுகிற ஷெட், பக்கத்திலேயே தோட்டம், கட்டுத்தறியில் எருமைகள். தங்கைக்குப் பதினைந்து வயது மூத்தவர். அப்பா போன பிறகு, பொட்டைப்பிள்ளையை எதற்கு ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைக்கிறாய் என்று உறவெல்லாம் கேட்டபோது, "எம்பட தங்கச்சி படிச்சா உங்களுக்கு எங்க நோகுது?" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பில் வந்து இறங்குவார். வரும்போதே காம்பவுண்டு முழுக்கக் கேட்கும், "கண்ணூ, அண்ணன் வந்திருக்கேன்!" கையில் ஒரு தூக்குப்போசி நிறைய நெய் இருக்கும். மூன்று சின்ன ஸ்பூன் பேசுகிற வீட்டுக்கு ஒரு தூக்குப்போசி நெய்! அவர் போன பிறகு டயட்டம்மா அதை வீட்டுக்கு வீடு கொஞ்சமாகக் கொடுத்துவிடுவார். ஆக, எங்கள் காம்பவுண்டுக்கே கொலஸ்ட்ரால் அவர் அண்ணன் உபயம்.

ஒரு வருஷம் அந்த அண்ணனுக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. தங்கை வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "நெய்யை நிறுத்துங்க, எண்ணெயை மாத்துங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, அளவைப் பற்றித் தனியாக நிதானமாகச் சொன்னார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அவர் எதையும் பாதியில் செய்கிற ஆள் இல்லை. வீட்டுக்குப் போனதும் நெய் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தார். எருமைகளை விற்றார். சூரியகாந்தி எண்ணெயைப் பதினைந்து கிலோ டின்னாகவே கொண்டுவந்து இறக்கினார்.

அந்தச் சமயம் அவர்கள் வீட்டுக்கு எங்கள் வொர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு கிரைண்டர் போயிருந்தது. அது ஆடுகிறது என்று தகவல் வர, ஒரு ஞாயிறன்று டயட்டம்மாவோடு நானும் பஸ் ஏறினேன். கிரைண்டருக்குக் கீழே அட்டை வைத்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு சாப்பிட உட்கார்ந்தோம். அரிசியும் பருப்பும் சேர்ந்து வெந்த சோறு, ஆவி பறக்க. எங்கள் பக்கத்தில் அந்தச் சோற்றுக்கு நெய் ஊற்றுவது ஒரு சடங்கு. ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்து உட்கார்ந்துவிட்டால், போதும் போதும் என்று கையால் மறைப்பார்கள். மறைத்த கையின் மேலேயே ஊற்றினால்தான் உபசாரம். கை வழிந்து முழங்கை வரைக்கும் போனால் நல்ல குடும்பம்.

அண்ணன் பழைய நெய்க்கிண்ணத்தையே எடுத்தார். அதே கரண்டி. உள்ளே சூரியகாந்தி எண்ணெய். பச்சையாக, குளம் கட்டுகிற மாதிரி, தன் சோற்றில் ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி. பிறகு என் பக்கம் வந்தார்.

நான் கையை வைத்து மறைத்தேன். கையில் ஊற்றினார்.

"அண்ணா, இது என்னதுங்க?" என்றார் டயட்டம்மா.

"நீ சொன்னதுதான் கண்ணு. நெய்யைத் தொடறதே இல்ல. சுத்தமா மாத்திப்போட்டேன்."

"மாத்தச் சொன்னா, நெய்யி மாதிரி ஊத்தச் சொன்னேனுங்களா? எவ்வளவு ஊத்துறீங்க பாருங்க."

"நல்ல எண்ணெய்தான கண்ணு? நல்லது எச்சாப் போனா என்ன?"

டயட்டம்மா கிண்ணத்தைக் கையிலிருந்து வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சமையலறை வாசலில் நின்றிருந்த அண்ணி பதறிப்போனார். "ஏனுங் அம்மணி, சோத்துல கை வெச்சிருக்கற மனுசங்கிட்டிருந்து பறிக்கறதுங்களா? உசுரோட வந்ததே பெருசுங்க, வவுறு நெறையத் திங்கட்டும்." மரியாதை ஒரு சொட்டுக் குறையவில்லை. ஆனாலும் அந்த 'ங்க' எல்லாம் சுருக்கென்று குத்தியது. டயட்டம்மா கிண்ணத்தைத் திரும்ப வைத்தார். கையில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்த நான், அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் சோற்றிலேயே பிசைந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ருசி மோசமில்லை.

அதற்குப் பிறகு டயட்டம்மா வேறு வழி பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தானே சமைத்து, டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் போவார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவார். அண்ணனும் ருசித்து ருசித்துச் சாப்பிட்டு, "ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம எப்படிக் கண்ணு இவ்வளவு ருசியா!" என்று புகழ்வார். அந்த மாதங்களில்தான் டயட்டம்மா முகத்தில் நான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். குழாயடியில் நின்று என் வீட்டுக்காரிக்கு வெண்டைக்காயை எண்ணெயில்லாமல் வதக்கும் முறையை அவராகவே சொன்னார். என் துரதிருஷ்டம், அவளும் செய்து பார்த்தாள்.

கொஞ்ச நாள் கழித்து, பேச்சுவாக்கில் அண்ணி மூலமாகத்தான் உண்மை தெரிந்தது. தங்கை பஸ் ஏறியதும் அண்ணன் மறுபடி கை கழுவிக்கொண்டு உட்காருவாராம். தங்கை கொண்டுவந்ததைத் தின்னாவிட்டால் தங்கை மனசு நோகும். பொண்டாட்டி ஆக்கியதைத் தின்னாவிட்டால் பொண்டாட்டி மனசு நோகும். யார் மனசையும் நோகவிடாத மனுஷர் ஞாயிறுதோறும் இரண்டு சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டிபன் கேரியர் அதோடு நின்றது.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எங்கள் காம்பவுண்டே போனது. பந்தியில் பருப்புக்கு மேலே ஊற்ற ஒருவர் செம்பும் கரண்டியுமாக வந்தார். இலையில் விழுந்ததை முகர்ந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து, "என்றா இது, நெய்யில மணத்தையே காணோம்?" என்றார்.

பந்தி விசாரித்துக்கொண்டு வந்த அண்ணன் பெருமையாக நின்றார். "மணம் இருந்தா மாரடைச்சுப்போகுமுங் மாமா! இது சன்பிளவருங்க. எங்கூட்டுல இதுதான். எம்பட தங்கச்சி பெரிய ஆஸ்பத்திரில இதைத்தான் சொல்லித்தர்றா. ஊத்திக்குங்க, ஒண்ணும் பண்ணாது!"

"அப்பிடிங்களா, அப்ப இன்னொரு கரண்டி உடுங்க" என்றார் மாமா.

நான் கைகழுவிவிட்டு, பாயசம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் நல்லெண்ணத்தோடு சாமான் அறைப் பக்கம் போனேன். உள்ளே அண்ணனும் தங்கையும் நின்றிருந்தார்கள். நான் டின்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் உடம்பை மறைக்க அத்தனை டின்னும் தேவைப்பட்டது.

"அண்ணா, ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளுங்க. எண்ணெய் மாத்துனது பத்தாதுங்க. அளவைக் கொறைக்கோணும். தெனமும் ஸ்பூன்ல அளந்து ஒரு கிண்ணத்துல வெக்கச் சொல்லுங்க, அதுக்கு மேல தொடாதீங்க. உங்க டெஸ்ட் ரிசல்ட்டை நான் பாத்தேனுங்ண்ணா. எனக்குப் பயமா இருக்குது."

"ஏங் கண்ணு, பொறந்ததுல இருந்து தின்ன நெய்யை உட்டேன். எருமையை வித்தேன். எல்லாம் உனக்காகத்தான். இன்னும் என்னத்தை உடச்சொல்ற?"

"எனக்காக வேண்டாமுங்க. உங்களுக்காக."

"வந்த ஒறம்பரை முன்னாடி நான் ஸ்பூன்ல அளந்து ஊத்திக்கிட்டா என்ன நெனைப்பாங்க? இவன் நொடிச்சுப்போனான்னு நெனைக்க மாட்டாங்களா? தறிக்கு நூல் குடுக்கறவன்கூட யோசிப்பான்."

"நெனைச்சுட்டுப் போறாங்க. நீங்க இருப்பீங்களே."

அண்ணன் தங்கையைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அந்த ஒரு நிமிஷம், ஒத்துக்கொள்வார் என்றே தோன்றியது. பிறகு தங்கையின் தலையில் கையை வைத்து லேசாக ஆட்டினார், சின்னப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. "கல்யாணத்தன்னைக்கு அழுகக் கூடாது கண்ணு. போயி சாப்பிடு" என்றார். வெளியே போனார். "இங்க யாருக்குங்க இன்னும் ஊத்தலை?" என்று பந்தியில் அவர் குரல் கேட்டது.

அடுத்த மழைக்காலம் தாண்டவில்லை. ஒருநாள் முற்பகல், தறி ஷெட்டில் நூல் கட்டைக் குனிந்து தூக்கியவர் அப்படியே உட்கார்ந்தார். தறிகள் ஓடிய சத்தத்தில் அவர் விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் அழுகை ஓயும்போது ஒரு காரணம் தேவைப்படும். இங்கே காரணம் ரெடியாகவே இருந்தது.

"அந்த எண்ணெய் அவருக்கு ஒத்துக்கலீங்க."

"டின்னுல வர்றதை நம்பவே கூடாதுங்க. செக்குல ஆட்டுன கடலை எண்ணெய்க்கு மாறியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு."

"இப்பத்தான் தவிட்டெண்ணெய்னு ஒண்ணு வருதாமுங்க. அது ஒண்ணுமே பண்ணாதாம். எத்தனை ஊத்துனாலும்."

"அப்பிடிங்களா? எங்க கிடைக்குதுங்க?"

அண்ணனைக் கொண்டுபோன மறுநிமிஷமே அங்கே பத்துப் பேர் எண்ணெய் மாற்ற முடிவு செய்துவிட்டார்கள். கரண்டியை யாரும் மாற்றப்போவதில்லை. எனக்கு வழக்கம்போல ஒரு கிண்டல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். நான் விழுங்கியவற்றில் கொழுப்பில்லாதது அது ஒன்றுதான்.

உள்ளே பெண்களுக்கு நடுவில் டயட்டம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவர் மடியில் விழுந்து அழுதுவிட்டு, முகத்தை நிமிர்த்தி, கோபமே இல்லாமல், ரொம்பப் பரிவாகச் சொன்னார்: "நீங்க படிச்சவிங்க அம்மணி. எது நல்ல எண்ணெய்னு ஒரே ஒரு வார்த்தை, ஒழுங்கா, பேரைச் சொல்லியிருக்கலாமுங்க. அவரு உங்க பேச்சைத் தட்டவே மாட்டாருங்களே."

டயட்டம்மா வாயைத் திறந்தார். அந்த ஒரு வார்த்தையைத் தேடுகிற மாதிரி அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "ஆமாங் அண்ணி" என்றார்.

காரியம் முடிந்து வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஐந்தரை பஸ்ஸில் வந்து இறங்குவார். யார் வீட்டிலிருந்து என்ன வாசனை வந்தாலும் நடை நிற்பதில்லை, தலை திரும்புவதில்லை. காம்பவுண்டுப் பெண்களுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் என்னவோ போல இருந்தது. ஒருநாள் என் வீட்டுக்காரி வேண்டுமென்றே ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி கொண்டுபோய் நீட்டினாள். திட்டட்டும், இல்லை எவ்வளவு எண்ணெய் என்றாவது கேட்கட்டும் என்று. டயட்டம்மா நின்றபடியே ஒன்றை எடுத்துக் கடித்து, "நல்லா மொறுமொறுன்னு இருக்குதுங்க" என்றிருக்கிறார். வீட்டுக்காரி தட்டை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். "அந்த அக்காளுக்கு என்னவோ ஆகிப்போச்சு" என்றாள்.

சில மாதம் கழித்து எனக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை. கொலஸ்ட்ரால் ஏறியிருந்தது. அவர் அறைக்குப் போனேன். எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கேட்டால் சொல்வதற்குப் பஸ்ஸிலேயே ஒரு கணக்குத் தயார் செய்து வைத்திருந்தேன். இந்த முறை தலைக்குத் தேய்ப்பதை எல்லாம் சேர்க்காமல், கொஞ்சம் நம்புகிற மாதிரி.

"ஊட்டுல என்ன எண்ணெய் ஓடுதுங்க?"

"சூரியகாந்திங்க."

"நல்லதுங்க."

"மாத்தோணுங்களா?"

"மாத்தறதுன்னா மாத்திக்குங்க. தவிட்டெண்ணெய் வந்திருக்குது. அதுவும் நல்லதுங்க."

நான் காத்திருந்தேன். அவர் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார். எழுந்திருக்க மனசு வரவில்லை.

"மேடம்... எவ்வளவுன்னு கேக்கலீங்களே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமோ வருத்தமோ இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அது எனக்குக் கைவந்த தொழில்.

"நெசத்தைச் சொல்றதா இருந்தாக் கேக்கறேனுங்க" என்றார்.

பஸ்ஸில் தயாரித்த கணக்கு வாயிலேயே நின்றது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, அறை வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்ததாக ஒரு வயசான தம்பதி உள்ளே போனார்கள். முன்பெல்லாம் ஓர் ஆள் உள்ளே போனால் அரைமணி நேரம் ஆகும். இவர்கள் நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைப்பதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். கிழவர் கையில் ஹார்ட் வார்டில் கட்டிய அடையாளப் பட்டி இன்னும் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"எண்ணெயை மாத்துனாப் போதுமாம்!" என்றார் மனைவியிடம்.

"நாந்தான் அப்பவே சொன்னேனுங்களே" என்றாள் அந்த அம்மாள், அவர் கையைத் தாங்கிப் பிடித்தபடி. "புது டின்னு ஒண்ணு வாங்கீட்டே போயிரலாமுங்க. ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை வாராரு. பாவம், ஒரு மாசமா ஒண்ணும் திங்காமக் கெடக்கறீங்க. நெறைய எண்ணெய் வெச்சு உங்களுக்குப் புடிச்ச அதிரசம் சுட்டுப்போடறேன்."

இருவரும் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து டயட்டம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.